ஒரு மாலையும் பதினெட்டு மாதமும்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிலே, மாநில ஆட்சி மாளிகைக்கு எதிரே, வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது. குதிரைமீது ஒரு வெள்ளைத் தளபதி; அவரைச் சூழ்ந்து, தோளிலே துப்பாக்கி சுமந்து, அணிவகுத்து நடக்கும் கருப்புச் சிப்பாய்கள். அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் எனும் சிற்பி ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய அச்சின்னம், 1897-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 54-ஆவது மசாசூசெட்ஸ் தொண்டர் காலாட்படையின் நினைவுச் சின்னம் அது.

அந்தப் படையைப் பற்றிப் பேசுவோர் ஒரு மாலைப் பொழுதைப் பற்றித்தான் பேசுவர். 1863 ஜூலை 18-ஆம் நாள் மாலை, வாக்னர் கோட்டையின் மீது அவர்கள் பாய்ந்தனர், தளபதி வீழ்ந்தார், படையிலே ஏறத்தாழப் பாதிப்பேர் மண்ணில் சாய்ந்தனர். கவிதைகள் அந்த மாலையைப் பாடின. ஓவியங்கள் அதைத் தீட்டின. 1989-இல் வந்த திரைப்படமும் அந்த மாலையோடு கதையை முடித்துக்கொண்டது.

அந்த மாலையின் வீரத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. நாமும் குறைக்க வரவில்லை. ஆனால், அதைவிடப் பெரிய போர் ஒன்றை அதே படை நடத்தியது. அந்தப் போர் நடந்த களம், சம்பளம் பட்டுவாடா செய்யும் மேசை! அது நீடித்த காலம் 18 மாதம்! அந்தப் போரிலே அவர்கள் ஏந்திய ஆயுதம், "வேண்டாம்" என்ற ஒரே சொல்! அதை அறிந்தவர் சிலர். அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர் அவரினும் சிலர். இயக்கப் பணியிலே ஈடுபட்டிருக்கும் நாம் அந்தச் சிலரிலே சேர்ந்தாக வேண்டும். ஆகவேதான் இந்த ஞாயிறன்று இதனை எடுத்துக்கொண்டோம்.

வேண்டாதார் வேண்டியவரான கதை

1861-ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காத்துக்கொள்ள ஒன்றியத்தை விட்டு வெளியேறிய தென் மாநிலங்கள் ஒருபுறம். ஒன்றியத்தைக் காக்கப் புறப்பட்ட வட மாநிலங்கள் மறுபுறம். குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 தொண்டர்கள் தேவை என்று அறிவித்தார். வடபுலத்து நகரங்களிலே வாழ்ந்த சுதந்திரக் கருப்பர்கள், "நாங்களும் வருகிறோம்" என்று முன்வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த விடை என்ன? "இது வெள்ளையர் போர்; வீட்டுக்குப் போ!" 1792-ஆம் ஆண்டின் மக்கட்படைச் சட்டம் வெள்ளையரை மட்டுமே படையாட்களாகக் கொண்டது. எவரை அடிமையாக்கிய கொடுமையால் அந்தப் போர் மூண்டதோ, அவருக்கே அந்தப் போரில் இடமில்லை!

ஈராண்டு உருண்டது. பிணங்கள் குவிந்தன. வெற்றி கைக்கு எட்டவில்லை. தொண்டர்கள் வருவது குறைந்தது. அப்போதுதான் ஆட்சியாளரின் கண் திறந்தது. 1863 ஜனவரி முதல் நாள் வெளியான விடுதலைப் பிரகடனம், கருப்பர்களைப் படையிலே சேர்க்க வழி செய்தது. அதே மாதம் மசாசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ, போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனிடம் ஒப்புதல் பெற்று ஒரு கருப்பர் படை திரட்டத் தொடங்கினார். வெள்ளைத் தொண்டருக்கு என்ன ஊதியமோ, என்ன உடையோ, என்ன நடத்தையோ, அதுவே கருப்புத் தொண்டருக்கும் என்று ஆளுநர் வாக்களித்தார். இந்த வாக்குறுதியை நெஞ்சிலே பதித்துக்கொள்ளுங்கள், தோழர்களே! பின்னால் நடந்தவை யாவும் இதைச் சுற்றியே நடந்தன.

யார் வந்து சேர்ந்தார்கள்? தென்புலத்துத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளே அப்படையில் நிறைந்திருந்தனர் என்று திரைப்படம் பார்த்தோர் எண்ணுவர். உண்மை வேறு. அவர்களிலே மிகப் பலர் பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ முதலிய மாநிலங்களைச் சேர்ந்த சுதந்திர மக்கள். உழவர், கூலியாள், மாலுமி, முடி திருத்துவோர் என்று உழைத்துப் பிழைத்தவர்கள். கையெழுத்திடவும் கடிதம் எழுதவும் அறிந்தவர் பலர். அடிமைச் சிறையிலிருந்து தப்பிவந்து அறிஞராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், "ஆயுதம் ஏந்துக!" என்று தம் மக்களுக்கு அறைகூவல் விடுத்தார், விடுத்ததோடு நில்லாமல் தம் மைந்தர் லூயிஸ், சார்ல்ஸ் இருவரையும் அப்படைக்கே அனுப்பினார். ஊரார் பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தம் பிள்ளையை வீட்டிலே பூட்டி வைக்கும் தலைவர்களை உலகம் நிறையக் கண்டிருக்கிறது, டக்ளஸ் அத்தகையவரல்லர்.

படை அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். தளபதி ராபர்ட் கோல்டு ஷா, 25 வயது இளைஞர்; அடிமை முறையை எதிர்த்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சிப்பாய்கள் அறிந்திருந்த இன்னொரு செய்தியும் உண்டு. பிடிபடும் கருப்புச் சிப்பாயைப் போர்க்கைதியாக நடத்தமாட்டோம், மாநிலச் சட்டத்திடம் ஒப்படைப்போம் என்று எதிரி ஆட்சி அறிவித்திருந்தது. அதன் பொருள் சாவு; அல்லது அடிமைச் சந்தை. அவர்களுக்குத் தலைமை தாங்கும் வெள்ளை அதிகாரிக்கும் சாவுத் தண்டனை உண்டென்று 1863 மே மாதத்தில் எதிரியின் பேரவை தீர்மானமே நிறைவேற்றியது. இவ்வளவும் தெரிந்துதான் சேர்ந்தார்கள்.

1863 மே 28-ஆம் நாள் ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட அப்படை பாஸ்டன் வீதிகளிலே அணிவகுத்துச் சென்று கப்பலேறியது. அவர்கள் நடந்து சென்ற ஸ்டேட் வீதிக்கு ஒரு வரலாறு உண்டு. 9 ஆண்டுகளுக்கு முன், 1854-இல், தப்பி வந்த அடிமையான ஆன்டனி பர்ன்ஸ் என்பவரைச் சிப்பாய்கள் புடைசூழ அந்த வீதி வழியேதான் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்று, மீண்டும் அடிமைத்தளைக்குக் கப்பலேற்றினார்கள். அன்று கருப்பனை இழுத்துச் செல்ல ஆயுதம் வந்தது. இன்று கருப்பன் கையிலேயே ஆயுதம் வந்தது! வீதி ஒன்றுதான், காலம் மாறிவிட்டது என்றே மக்கள் ஆரவாரித்தனர்.

எந்த அளவுக்கு மாறியது என்பதைத்தான் இனிக் காணப்போகிறோம்.

அந்த மாலை

தென்புலம் சென்ற படைக்கு முதலில் கிடைத்த வேலை போரன்று. 1863 ஜூன் 11-ஆம் நாள் ஜார்ஜியாவின் டேரியன் எனும் சிற்றூரைச் சூறையாடிக் கொளுத்தும் வேலை! மேலதிகாரியின் கட்டளை அது. ஷா மனம் கொதித்தார். எங்களைத் தீ வைக்கும் கூட்டமாக்காதீர்கள், போர்க்களத்துக்கு அனுப்புங்கள் என்பதே அவர் வேண்டுகோளாயிற்று.

ஜூலை 16-ஆம் நாள் ஜேம்ஸ் தீவிலே முதல் போர். எதிரி அதிகாலையில் பாய்ந்தான். 54-ஆவது படையின் காவலணி பின்வாங்காமல் நின்று போரிட்டதால், வெள்ளையரின் 10-ஆவது கனெக்டிகட் படை சுற்றி வளைக்கப்படாமல் தப்பியது. அதன்பின் இரண்டு நாள் நடை; அரைவயிற்று உணவு; கண்மூட நேரமில்லை. அந்த நிலையிலேதான் மோரிஸ் தீவுக்கு வந்து சேர்ந்தனர்.

சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் காவலாக நின்றது வாக்னர் கோட்டை. மணலும் பனைமரக் கட்டைகளும் கொண்டு எழுப்பியது. ஒருபுறம் கடல்; மறுபுறம் சதுப்பு; நடுவே குறுகிய மணல்வெளி. அதன் வழியே தாக்குதலுக்குத் தலைமை தாங்கும் இடம் 54-ஆவது படைக்குத் தரப்பட்டது. பகல் முழுதும் பீரங்கிகள் கோட்டையை அடித்தன. உள்ளிருந்தோர் பதுங்கிடங்களிலே தப்பிப் பிழைத்திருந்தனர். இருள் கவியும் வேளையில் 600 பேர் பாய்ந்தனர். மதில் உச்சிவரை ஏறினர். அங்கே ஷா வீழ்ந்தார். 270-க்கு மேற்பட்டோர் மாண்டும், காயமுற்றும், சிறைப்பட்டும் போயினர். பின்னால் வந்த வெள்ளைப் படைகளும் சிதறின. கோட்டை விழவில்லை. நியூ பெட்ஃபோர்டைச் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் கார்னி, வீழ்ந்தவர் கையிலிருந்த கொடியை எடுத்து, பல காயம் பட்டும் மண்ணில் தோயவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

ஷாவை அவமதிப்பதாக எண்ணி, எதிரிகள் அவரை அவருடைய கருப்புச் சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தனர். உடலை மீட்டுத் தருவதாகச் சிலர் முன்வந்தபோது, தம் மைந்தனுக்கு அதனினும் மேலான இடம் வேறில்லை என்று கூறி, தோண்ட வேண்டாம் எனத் தடுத்துவிட்டார் அவருடைய தந்தை.

அதே வாரத்தில் நியூயார்க் நகரிலே என்ன நடந்தது தெரியுமா? கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய வெறிக்கூட்டம், கருப்பர்களை வீதியிலே அடித்துக் கொன்றது. கருப்பு அநாதைக் குழந்தைகளின் விடுதியைக் கொளுத்தியது. எந்த நாட்டுக்காக வாக்னர் மணலில் குருதி சிந்தினார்களோ, அந்த நாட்டின் பெருநகரிலே அவர்களுடைய குழந்தைகளுக்குக் கூரையில்லை.

7 டாலர்

இத்தனைக்கும் பிறகு சம்பள அதிகாரி வந்தார். பெட்டியைத் திறந்தார். நீட்டிய தொகை என்ன? மாதம் 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். கைக்கு வருவது 7 டாலர்!

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைப்படி தனி. பட்டப்பகலில் தரப்பட்ட வாக்குறுதியும் அதுவே. பின் இந்த 10 டாலர் எங்கிருந்து முளைத்தது? 1862 ஜூலை 17-ஆம் நாள் நிறைவேறிய சட்டம் ஒன்று இருந்தது. மண் தோண்டவும் முகாம் வேலை செய்யவும் கருப்பர்களை அமர்த்திக்கொண்டால் அவர்களுக்குத் தரவேண்டிய கூலியை அது வரையறுத்தது. அந்தக் கூலிச் சட்டத்தைத்தான் கோட்டை மதிலில் ஏறிய சிப்பாய்க்கும் பொருத்தினார்கள். சிப்பாய்க்கு மட்டுமா? சார்ஜண்ட் பதவிக்கு உயர்ந்த கருப்பருக்கும் அதே 7 டாலர்தான். நேற்றுச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாயின் ஊதியம், நூறு பேரை அணிவகுத்து நடத்தும் கருப்புச் சார்ஜண்டின் ஊதியத்தைவிடப் பெரிது!

54-ஆவது படை என்ன செய்தது? வாங்க மறுத்தது. ஒருவர் இருவரல்லர், படையே மறுத்தது. மீண்டும் வந்தார் அதிகாரி, மீண்டும் மறுப்பு. வருவதும் போவதுமாக மாதங்கள் கழிந்தன.

ஆகஸ்டு மாதத்தில் டக்ளஸ் வெள்ளை மாளிகை சென்று லிங்கனைக் கண்டு இந்த அநீதியை எடுத்துரைத்தார். லிங்கன் நல்லவர், கொடியவரல்லர். அவர் கூறிய விடையின் கருத்து இது: கருப்பரைப் படையில் சேர்ப்பதையே பலர் வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பைத் தணிக்கக் குறைந்த சம்பளம் ஒரு விட்டுக்கொடுத்தல், முடிவில் சமமாகும்.

பார்த்தீர்களா, தோழர்களே! வெறுப்பது ஒருவன், அவன் மனம் கோணாதிருக்க விட்டுக்கொடுப்பது இன்னொருவன்! விட்டுக்கொடுத்தல் பெருந்தன்மைதான். ஆனால் தன் கையிலிருப்பதை விட்டுக்கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். பிறன் பையிலிருந்து எடுத்து விட்டுக்கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. நல்லவர்களே கூட, "பொறு, காலம் வரும்" என்று சொல்லும்போது, பொறுப்பதன் சுமை தம் தோளில் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 28-ஆம் நாள், முன்பு திமிங்கில வேட்டைக் கப்பலிலே மாலுமியாக உழைத்த ஜேம்ஸ் ஹென்றி கூடிங் எனும் கார்ப்பரல், மோரிஸ் தீவிலிருந்து குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார். பணிவான கடிதம், ஆனால் கெஞ்சலில்லை. அவர் கேட்ட கேள்வியின் சாரம் ஒன்றே. நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா? சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம். சிப்பாயின் ஊதியம் ஏன் இல்லை?

மனிதனுக்கு உள்ள பெயர் எது என்று கேட்ட கேள்வி அது. 6 டாலரைப் பற்றிய கேள்வி போலத் தோன்றலாம்; அந்த 6 டாலரிலேதான் அவனுடைய மதிப்பை அரசு எழுதி வைத்திருந்தது.

வந்த பணத்தையும் வேண்டாமென்றது ஏன்?

இனி வருவதுதான் இந்த வரலாற்றிலேயே உயர்ந்த பகுதி. மசாசூசெட்ஸ் மாநிலம் வெட்கமுற்றது. தன் வாக்குறுதி பொய்த்ததே என்று வருந்தியது. 1863 நவம்பரில் மாநிலப் பேரவை கூடி, குறையும் தொகையை மாநிலக் கருவூலத்திலிருந்தே தருவதென்று சட்டம் இயற்றியது. தூதுவர்கள் பணத்தோடு தென்புலம் வந்தார்கள். 13 டாலர் முழுதாகக் கைக்கு வரும்; கணக்கிலே எவ்விதக் குறையும் இராது.

படை அதையும் மறுத்தது!

வீம்பு என்று சிலர் நினைத்தனர். நன்றியில்லாதவர்கள் என்றுகூடச் சிலர் முணுமுணுத்திருப்பர். ஆழ்ந்து பார்த்தால் அந்த மறுப்பிலே இருந்த தெளிவு விளங்கும். குறையை ஈடுகட்டும் பணத்தை வாங்கிவிட்டால், ஒன்றிய அரசு தந்த 7 டாலர் சரியென்று ஒப்புக்கொண்டதாகும். நீ தாழ்ந்தவன் என்று அரசு எழுதிய எழுத்து அப்படியே நிற்கும். அதன்மீது ஒரு நண்பர் பரிவோடு பட்டுத்துணி போர்த்தியிருப்பார். அவர்களுக்குப் போர்வை தேவைப்படவில்லை. எழுத்து அழிய வேண்டும் என்றார்கள். மேலும், அவர்கள் போராடியது தங்களுக்காக மட்டுமன்று. மற்ற மாநிலங்களிலும், விடுவிக்கப்பட்ட அடிமைகளிடையிலும் திரட்டப்பட்ட கருப்பர் படைகள் எத்தனையோ இருந்தன. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கருப்பர் ஒன்றியப் படையில் சேர்ந்தனர். அவர்களுக்கெல்லாம் மசாசூசெட்ஸ் கருவூலம் திறக்குமா? திறக்காது. நமக்கு மட்டும் தனிச்சலுகை கிடைத்தால் போதும் என்று கைநீட்டியிருந்தால், கேள்வி அன்றே செத்திருக்கும்.

விலை கொடுக்காமல் இது நடந்ததா? இல்லை. அந்த விலையைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் பாடுவது நேர்மையாகாது. சிப்பாய் முகாமிலே அரசு தரும் ரொட்டியைத் தின்று உயிர் வாழ்ந்தான். அவன் மனைவி என்ன தின்றாள்? குழந்தை என்ன உடுத்தியது? பஞ்சம் பிழைக்க வழியின்றி ஏழை விடுதிகளின் வாயிலிலே நின்ற குடும்பங்கள் உண்டு. "உன் கொள்கை எங்களுக்குச் சோறு போடவில்லையே" என்று பொருள்படும் கடிதங்கள் முகாமுக்கு வந்தவண்ணம் இருந்தன. 7 டாலரை வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. அவன் வாங்கவில்லை. அந்த மறுப்பிலே பாதி, பெயர் தெரியாத மனைவியருடையது, தாய்மாருடையது. வெண்கலச் சிற்பத்திலே அவர்களுக்கு இடமில்லை.

இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டது. 3-ஆவது தென் கரோலினாக் கருப்பர் படையைச் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில் தம் அணியினரை அழைத்துச் சென்று, தளபதியின் கூடாரத்துக்கு முன் துப்பாக்கிகளை அடுக்கி வைக்கச் செய்தார். ஒப்பந்தப்படி ஊதியம் தராத அரசுக்கு இனி ஊழியம் செய்யமாட்டோம் என்றார். அதற்குப் பெயர் கலகம் என்றது படைச்சட்டம். 1864 பிப்ரவரி 29-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வாக்குறுதியை மீறிய அரசுக்குத் தண்டனையில்லை; மீறியதைச் சுட்டிக்காட்டியவருக்குக் குண்டு!

54-ஆவது படை வேறு வழியைக் கண்டது. ஊதியத்தை மறுத்தது, கடமையை மறுக்கவில்லை. வாக்னர் முற்றுகையிலே அகழி தோண்டினர். செப்டம்பர் 7-ஆம் நாள் கோட்டை காலியாகி விழும்வரை குண்டுமழையிலே உழைத்தனர். 1864 பிப்ரவரி 20-ஆம் நாள் புளோரிடாவின் ஒலஸ்டீ களத்திலே ஒன்றியப் படை தோற்றுச் சிதறியபோது, பின்னணியிலே நின்று எதிரியைத் தடுத்து, மற்றவர் தப்ப வழி செய்தவர்கள் அவர்களே. மசாசூசெட்சையும் 7 டாலரையும் சேர்த்து வாழ்த்தி முழங்கிக்கொண்டே களத்தில் இறங்கினார்களாம்! காயமுற்றோரை ஏற்றிய ரயிலின் எஞ்சின் வழியிலே பழுதாகி நின்றது. விட்டுவிட்டுப் போனால் அவர்கள் கதி என்ன? சோர்ந்து திரும்பிக்கொண்டிருந்த அப்படையினர் கயிறு கட்டி, அந்த ரயிலைத் தங்கள் கைகளாலேயே மைல் கணக்கில் இழுத்து வந்தனர். ஓராண்டாக ஒரு காசு வாங்காத கைகள் அவை.

அவர்கள் கட்டுப்பாட்டிலே ஊறியவர்கள். ஆனால் அடங்கிப் போனவர்களல்லர். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராதவர் இரண்டு வழியிலே கெட்டுப்போவர். தன்மானத்தை மறந்த கட்டுப்பாடு அடிமைப் புத்தியிலே கொண்டுபோய் விடும். கட்டுப்பாட்டை மறந்த தன்மானம் வெறும் கூச்சலாகி ஓயும். கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டே உரிமையில் ஒரு இம்மியும் குறையாமல் கேட்பவனிடம்தான் எதிர்த்தரப்பு வாதமிழந்து நிற்கும்.

எழுத்து அழிந்தது

வாதம் இழந்தார்கள். படையின் போதகர் சாமுவேல் ஹாரிசன் என்பவருக்கும், கருப்பர் என்பதால் அதே கூலிக் கணக்குப் போட்டிருந்தார்கள். 1864 ஏப்ரலில் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் பேட்ஸ், போதகருக்குரிய முழு ஊதியமும் அவருக்கு உரியதே என்று கருத்துரைத்தார். சுவரிலே முதல் விரிசல்! ஜூன் 15-ஆம் நாள் காங்கிரஸ் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதிலும் ஒரு வஞ்சகம் ஒளிந்திருந்தது. 1861 ஏப்ரல் 19-ஆம் நாளில் சுதந்திர மனிதனாக இருந்தவனுக்குச் சேர்ந்த நாள் முதல் முழுப்பாக்கி. அன்று அடிமையாக இருந்தவனுக்கு 1864 ஜனவரி முதல்தான் சம ஊதியம்.

ஒன்றாய் நின்ற படையை இரண்டாய்ப் பிளக்கும் சட்டம் அது. ஷாவுக்குப் பின் தளபதியான எட்வர்டு ஹாலோவெல் ஓர் உறுதிமொழியை வகுத்தார். குறிப்பிட்ட அந்த நாளில், கூலியின்றி உழைக்க நான் எவனுக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்பதே அதன் கருத்து. நாட்டுச் சட்டம் அடிமை என்று எழுதியிருக்கலாம். மனிதனுக்கு மனிதன் இலவசமாக உழைக்கக் கடன்பட்டவனா? இல்லை! ஆகவே முன்னாள் அடிமையும் தலைநிமிர்ந்து, பொய்யின்றி, அந்த உறுதிமொழியை எடுத்தான். சட்டம் கேட்ட கேள்விக்கு அறம் விடை சொல்லிற்று.

1864 செப்டம்பர் இறுதியிலே, 18 மாதத்துப் பாக்கி, ஒரு டாலரும் குறையாமல் வந்தது. ஏறத்தாழ 1,70,000 டாலர். அன்று முகாமிலே பாட்டும் கூத்துமாக இருந்ததாம். பெருந்தொகை வீடுகளுக்குப் பறந்தது. 1865 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம், வாக்களிக்கப்பட்ட மற்றக் கருப்பர் படைகளுக்கும் முழுப்பாக்கி கிடைக்க வழி செய்தது.

கேள்வி கேட்ட கூடிங் அந்த நாளைக் காணவில்லை. ஒலஸ்டீயிலே காயமுற்றுப் பிடிபட்ட அவர், ஆண்டர்சன்வில் சிறையில் 1864 ஜூலை 19-ஆம் நாள் மாண்டார். சட்டம் நிறைவேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. பணம் வர இரண்டு மாதம் இருந்தது.

அதே ஒலஸ்டீயிலே காயமுற்ற சார்ஜண்ட் ஸ்டீபன் ஸ்வெயில்சுக்கு ஆளுநர் ஆண்ட்ரூ அதிகாரி பதவி வழங்கினார். கருப்பன் அதிகாரியாவதா என்று போர்த்துறை தயங்கியது. 1865 ஜனவரி வரை இழுத்தடித்துத்தான் இசைந்தது. பின்னாளில் தென் கரோலினா மாநில மேலவை உறுப்பினராக உயர்ந்தார் அவர்.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள் தென்புலத் தளபதி லீ சரணடைந்தார். அந்தச் செய்தி எட்டாத நிலையில், ஏப்ரல் 18-ஆம் நாள் பாய்கின் ஆலை எனுமிடத்தில் 54-ஆவது படை தன் கடைசிப் போரைப் புரிந்தது; அங்கும் உயிர்ப்பலி கொடுத்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள் படை கலைக்கப்பட்டது. செப்டம்பர் 2-ஆம் நாள் பாஸ்டன் வீதிகளிலே மீண்டும் நடந்து, வீடு திரும்பினர்.

புகழ்ச்சியும் உரிமையும்

இனி, தொடக்கத்திலே கண்ட வெண்கலச் சிற்பத்துக்குத் திரும்புவோம். அது திறக்கப்பட்ட ஆண்டு 1897 என்றோம். அதற்கு முந்தைய ஆண்டு, 1896 மே மாதத்தில், அந்நாட்டு உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கிலே தீர்ப்பளித்தது. ரயிலிலே கருப்பருக்குத் தனிப்பெட்டி ஒதுக்குவது சட்டப்படி சரியே என்றது. ஒரு கையால் பிரித்து வைத்தார்கள். மறு கையால் சிலை வைத்தார்கள்! அந்தச் சிற்பத்திலே பொறிக்கப்பட்டவை மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே. வாக்னரிலே மாண்ட கருப்புச் சிப்பாய்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டது 1982-இல்! கொடி காத்த கார்னிக்கு வீரப்பதக்கம் வந்தது 1900-இல். 37 ஆண்டு கழித்து.

இதிலிருந்து ஓர் உண்மை துலங்கவில்லையா? வாக்னர் மாலையின் வீரத்துக்குக் கிடைத்தது புகழ்ச்சி. அது தாமதமாய் வந்தது, அரைகுறையாய் வந்தது, வந்தபோதும் ரயில் பெட்டியிலே ஓரிடத்தைக்கூடப் பெற்றுத்தரவில்லை. 18 மாத மறுப்புக்குக் கிடைத்தது சட்டம். நாட்டின் சட்டப் புத்தகத்திலே, இந்த வேலையில் வெள்ளையனும் கருப்பனும் ஒரே ஊதியத்துக்கு உரியவர் என்ற எழுத்து ஏறியது. வீரத்தைக் கண்டு மனமிரங்கி எவரும் அதைத் தந்துவிடவில்லை. வீரம் காட்டிய மறுமாதமே 7 டாலரைத்தானே நீட்டினார்கள்! இறந்து காட்டினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை பொய்த்தது. குறைத்துத் தந்தால் வாங்கமாட்டோம் என்ற உறுதிதான் பலித்தது.

அது முழு விடுதலையைத் தந்துவிட்டதா? இல்லை. 1877-க்குப் பிறகு தென்புலத்திலே பழைய ஆதிக்கம் புதிய உருவில் திரும்பியது. 1964-இல் குடியுரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் வர, இன்னொரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்திலும், இருக்கை குறைந்த இடத்திலே உட்கார மறுத்தவர்களும், கட்டணம் கொடுத்து அவமானம் வாங்க மறுத்தவர்களும்தான் வழி திறந்தார்கள். மறுப்பது எப்படி என்பதை 1863-லேயே செய்து காட்டியிருந்தார்கள் மோரிஸ் தீவின் சிப்பாய்கள்.

தோழர்களே! அந்தப் படையின் பெயரிலே "தொண்டர்" என்ற சொல் இருக்கிறது. எவரும் இழுத்துச் செல்லாமல் தானாக வந்தவன் என்பது அதன் பொருள். தானாக வந்தவன் என்பதாலேயே, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்று ஆட்சியாளர் கணக்கிட்டனர். தொண்டனுக்குக் கணக்கு எதற்கு, மதிப்பு எதற்கு என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும், எல்லா அமைப்பிலும் உண்டு. அந்தக் கணக்கு தவறு என்று 54-ஆவது படை மெய்ப்பித்தது.

விழாமேடையிலே வீரத்தைப் புகழ்வது எளிது. மாலை சூட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். அடுத்த முறை எவரேனும் உங்கள் தியாகத்தைப் புகழ்ந்து பேசிவிட்டு, உங்களுக்கு உரியதிலே ஒரு பகுதியை மட்டும் நீட்டினால், அந்தச் சம்பள மேசையை எண்ணிப் பாருங்கள். பசித்த குடும்பம் வீட்டிலே இருக்க, பணம் மேசையிலே இருக்க, வரிசையாய் வந்து, விறைப்பாய் நின்று, வணக்கம் செலுத்தி, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் அகழி வெட்டப் போன அந்த மனிதர்களை எண்ணிப் பாருங்கள்.